மேட்டிலிருந்து இறங்குங்கள்: ஹாம்ப்ஸ்டெட்டை முதன்முறையாக நடந்து பார்க்க வருபவர்களுக்கு

லண்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் அரண்மனை வாசலையும் பெரிய அருங்காட்சியகங்களையும் பார்த்து முடித்துவிட்டு அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டால், நகரின் வடக்கே ஒரு மேட்டின் மீது அமைந்திருக்கும் ஹாம்ப்ஸ்டெட்டைத்தான் நான் சொல்வது வழக்கம். போய்வந்தவர்களில் பாதிப் பேர், அங்கே பார்க்க ஒன்றுமில்லையே என்கிறார்கள். அவர்கள் கடைவீதியில் அரை மணி நேரம் சுற்றி, காப்பி குடித்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள். இது மக்கள் குடியிருக்கும் பகுதி. வீடுகள், சந்துகள், மரங்கள், அவற்றை ஒட்டிய ‘ஹீத்’ என்னும் மாபெரும் திறந்தவெளி ஆகியவைதாம் இங்கே காட்சி. ஆகவே எந்த வழியில் நடக்கிறோம், எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்த இடம் பிடிபடும்.

அதற்கு முன்பாக மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மேட்டின் உச்சி மணல். அதற்கு அடியில் இருப்பது லண்டன் முழுவதும் பரவிக் கிடக்கும் களிமண். மழைநீர் மணலுக்குள் சுலபமாக இறங்கி, களிமண்ணில் முட்டி, பக்கவாட்டில் சரிவுகளில் ஊற்றாகக் கசிகிறது. குளங்கள், மருந்துநீர் தேடி வந்த கூட்டம், அந்தக் கூட்டத்துக்காக எழுந்த வீடுகள் என இங்கே காணும் பலவற்றுக்கும் அதுவே மூலம். தண்ணீரைப் போலவே நாமும் உச்சியில் தொடங்கி இறங்குவது நல்லது. கீழே ஹாம்ப்ஸ்டெட் ஹீத் நிலையத்தில் இறங்கி மேலேறிப் போகச் சொல்பவர்களும் உண்டு. அப்படி ஏறினால் களைப்புதான் மிஞ்சும்.

கிளம்பும் முன்

நான் சொல்லும் சுற்று ஏறத்தாழ 8 கிலோமீட்டர். நின்று நிதானித்துப் பார்க்க ஒரு முழுப் பகல் வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், குளிர்காலத்தில் காலை பத்து மணிக்காவது தொடங்கிவிட வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஹீத்தின் பாதைகள் சேறாகக் கிடக்கும். அழகான காலணிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வழியில் உள்ள பழைய இல்லங்கள் சில வாரத்தில் ஒரு சில நாள் மட்டுமே திறந்திருக்கும் என்பதால், உள்ளே போக விரும்பும் வீட்டின் நேரத்தை அன்று காலையில் பார்த்துக்கொள்வது அவசியம்.

பாதாள ரயிலின் நார்தர்ன் லைன் தடம் கேம்டன் டவுனுக்கு வடக்கே இரண்டாகப் பிரிகிறது. எட்ஜ்வேர் செல்லும் ரயிலில் ஏறினால் கேம்டன் டவுனுக்கு அடுத்த மூன்றாவது நிறுத்தம் ஹாம்ப்ஸ்டெட். ஹை பார்னெட் ரயிலில் ஏறிவிட்டால் வேறு ஊருக்குப் போய்ச் சேர்வீர்கள்; புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

நிலையத்தில் இறங்கியதும் ஓடாதீர்கள். நடைமேடைச் சுவரில் பதித்த ஓடுகளில் ‘ஹீத் ஸ்ட்ரீட்’ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 1907 இல் திறப்பதற்கு முன்பு இந்த நிலையத்துக்கு வைப்பதாக இருந்த பெயர் அது. பெயர் மாறிய பிறகும் ஓடு மாறவில்லை. தரைமட்டத்திலிருந்து 58.5 மீட்டர் ஆழத்தில் இருக்கும் இதுவே லண்டன் பாதாள ரயிலின் மிக ஆழமான நிலையம். ரயில் அவ்வளவு ஆழத்தில் ஓடவில்லை, நிலையத்தின் தலைக்கு மேல் குன்று அவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று சொல்வதே சரி. லிஃப்டுக்கு அருகில் சுழல் படிக்கட்டு ஒன்று உண்டு. 320க்கும் மேற்பட்ட படிகள் என்றும், அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தவும் என்றும் பலகை எச்சரிக்கும். அதை மதிக்காமல் ஏறிப் பார்த்தவன் நான். பாதியில் நிற்பதற்கும் இடமில்லை, திரும்புவதற்கும் மனமில்லை. அன்று மேலே வந்து ஒரு மணி நேரம் எந்த வரலாற்றையும் ரசிக்க முடியவில்லை.

தேவாலயத் தெரு

வெளியே வந்ததும் கடைவீதியின் கவர்ச்சிக்கு இடங்கொடாமல் ஹீத் ஸ்ட்ரீட்டில் சற்றே கீழிறங்கி, வலப்புறம் பிரியும் சர்ச் ரோவுக்குள் நுழையுங்கள். இரு மருங்கிலும் பழுப்புச் செங்கல் வீடுகள், தெருக்கோடியில் தேவாலயக் கோபுரம். வீடுகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. பழைய தெருவை எப்படிப் பார்ப்பது என்று பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆகவே இங்கே மட்டும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஜன்னல்களைக் கவனியுங்கள். மரச்சட்டம் சுவரின் முகத்தோடு ஒட்டி இருக்கிறதா, உள்வாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். தீப்பிடித்தால் ஒரு வீட்டின் மரச்சட்டத்திலிருந்து அடுத்த வீட்டுக்கு நெருப்புத் தாவுவதைத் தடுக்க, மரச்சட்டத்தை நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று 1709 இல் லண்டனுக்கு ஒரு சட்டம் வந்தது. 1774 இல் அது மேலும் இறுக்கப்பட்டது. எனவே ஒட்டியிருந்தால் பழையது, உள்வாங்கினால் பிந்தையது என்று பல வழிகாட்டிகள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அன்றைய ஹாம்ப்ஸ்டெட் லண்டனுக்கு வெளியே இருந்த கிராமம். சட்டம் இங்கே எட்டவில்லை. உள்வாங்கிய ஜன்னல் நகரத்து நாகரிகமாக மெல்லத்தான் வந்து சேர்ந்தது. ஜன்னலை மட்டும் வைத்து வயதைக் கணித்துவிட வேண்டாம். அதேபோல் செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக் கண்டால் உடனே ஜன்னல் வரிதான் காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வசூலித்த அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. வெளிமுகத்தின் ஒழுங்குக்காக ஆரம்பத்திலேயே பொய் ஜன்னலாகக் கட்டியவையும் அதே அளவுக்கு உண்டு.

பிறகு பார்வையைத் தாழ்த்துங்கள். வாசற்படியின் ஓரத்தில் காலணியின் சேற்றைச் சுரண்டிவிட வைத்திருக்கும் சிறு இரும்புத் தகடு தெரியும். இரும்பு வேலிக் கம்பிகளின் இடையே கூம்பு வடிவில் ஏதாவது தென்பட்டால், அது தீப்பந்தத்தைக் கவிழ்த்து அணைப்பதற்கானது. நடைபாதையில் தட்டு அளவில் பதித்த வட்ட இரும்பு மூடிகள், நிலவறைக்குள் நிலக்கரியைக் கொட்டுவதற்காக வைத்தவை. இவற்றையெல்லாம் நடைபாதையில் நின்றபடியே பார்க்கலாம். படியேறி ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது கூடாது; உள்ளே யாரோ இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

தெருக்கோடியில் இருக்கும் புனித ஜான் தேவாலயம் 1747 இல் திறக்கப்பட்டது. வழக்கத்துக்கு மாறாக அதன் கோபுரம் கிழக்கே, நீங்கள் நடந்து வந்த தெருவைப் பார்த்து நிற்கிறது. 1870களில் தேவாலயத்தைப் பெரிதாக்குவதற்காக அதை இடிக்கத் தீர்மானித்தார்கள். வில்லியம் மோரிஸ் உள்ளிட்ட கலைஞர்களும் கட்டடக் கலைஞர்களும் கிளர்ந்தெழுந்ததால் கோபுரம் தப்பியது. கட்டடத்தை மேற்குப் பக்கமாக நீட்டிக்கொண்டார்கள். ஹாம்ப்ஸ்டெட்டில் நீங்கள் ரசிக்கப் போகும் பலவும் இப்படி யாரோ குறுக்கே நின்று தடுத்ததால் மிஞ்சியவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி வழி தெளிவாக விளங்கும்.

தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டுக்குள் போகலாம். கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிட உதவும் துல்லியமான கடிகாரத்தை உருவாக்கிய ஜான் ஹாரிசன் 1776 இல் இறந்து இங்கேதான் அடக்கமானார். அவர் தச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். தென்கிழக்கு மூலையில், மதிலை ஒட்டி, ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் கல்லறை மரநிழலில் இருக்கிறது. கான்ஸ்டபிளை மறுபடியும் மேலே சந்திப்போம்.

ஹோலி வாக் ஏறி உச்சிக்கு

தேவாலயத்துக்கு எதிரே வடக்கு நோக்கி ஏறும் ஹோலி வாக் ஒடுக்கமான பாதை. பாதி ஏற்றத்தில் வெள்ளை முகப்போடு குடிசை வீடுகளுக்கு நடுவே செருகியது போல நிற்கும் புனித மேரி கத்தோலிக்கத் தேவாலயம், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த பாதிரியார் ஒருவரால் 1816 இல் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அருகே ஃபிராக்னலில் குடியிருந்த பிரெஞ்சுத் தலைவர் டிகோல் இங்கே வழிபாட்டுக்கு வந்தார்.

இந்தப் பகுதியில் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பையில் போட்டுவிடுங்கள். ஹோலி மவுண்ட் போன்ற சந்துகள் முட்டுச்சந்து போலத் தோன்றி, கடைசி நொடியில் படிக்கட்டாக மாறி அடுத்த தெருவில் இறங்கும். ‘தனியார் வழி’ என்ற பலகை இருந்தால் மட்டும் திரும்பிவிடுங்கள். வழி தவறினாலும் கவலையில்லை. ஏறிக்கொண்டே போனால் உச்சி, இறங்கிக்கொண்டே போனால் கடைவீதி.

சுவர்களில் வட்ட நீலத் தகடுகள் தென்படும். லண்டனில் புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளைக் குறிக்கும் இந்த வழக்கம் 1866 இல் தொடங்கியது. இப்போது ‘இங்கிலீஷ் ஹெரிடேஜ்’ அமைப்பு இதை நடத்துகிறது. ஒருவர் இறந்து இருபது ஆண்டுகள் கழிந்த பிறகே அவருக்குத் தகடு வைப்பார்கள். உள்ளூர்ச் சங்கங்கள் வைத்த வேறு தகடுகளும் உண்டு. தகடுகளைத் தேடித் தேடி ஓடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அப்படிப் போனால் வீட்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வருவோம்.

ஹாம்ப்ஸ்டெட் குரோவில் இருக்கும் ஃபென்டன் ஹவுஸ் 1686 இல் கட்டிய செங்கல் மாளிகை. இன்று அது பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டின் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே பழைய விசைப்பலகை இசைக்கருவிகளின் தொகுப்பு உண்டு என்றாலும், ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மதில் சூழ்ந்த அதன் ஆப்பிள் தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அருகே அட்மிரல்ஸ் வாக்கில் உயரமான வெள்ளை வீடு ஒன்று இருக்கிறது. கப்பல் மேல்தளம் போல அமைத்த கூரை. கான்ஸ்டபிள் இதைப் பலமுறை வரைந்திருக்கிறார். அவர் 1821, 1822 கோடைகளில் பக்கத்திலேயே, லோயர் டெரஸில், வாடகைக்கு இருந்தார். மேட்டின் மீது நின்று வானத்தை மட்டும் வரைந்து, படத்தின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்று வீசும் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். லண்டனின் மேகம் எவ்வளவு வேகமாக மாறும் என்பதை இந்த உச்சியில் பத்து நிமிடம் நின்றால் நீங்களே காணலாம். குடையும் அதற்குள் தேவைப்பட்டுவிடும்.

உச்சியில் இருப்பது வைட்ஸ்டோன் குளம். ஏறத்தாழ 134 மீட்டர் உயரம். குளத்துக்குள் இறங்கும் சரிவுகள், மேடேறிக் களைத்த குதிரைகள் வண்டியோடு தண்ணீரில் இறங்கி மறுபுறம் ஏறிச் செல்வதற்காக அமைந்தவை. இங்கிருந்து வடகிழக்கே செல்லும் ஸ்பானியர்ட்ஸ் சாலையைப் பாருங்கள்: இரு பக்கமும் தாழ்ந்து, சாலை மட்டும் அணைக்கரை போல உயர்ந்து போகும். சாலையை யாரும் உயர்த்தவில்லை. 1860களில் ரயில் பாதை வேலைக்காக இருபுறமும் மணலைத் தோண்டி விற்றதால் நிலம் தாழ்ந்து போனது.

நேரம் இருப்பவர்கள் இங்கிருந்து நார்த் எண்ட் வே வழியாகச் சற்று இறங்கி, ஹில் கார்டன் என்ற தோட்டத்தையும் அதன் நீண்ட கொடிப்பந்தல் நடைமேடையையும் பார்த்துவரலாம், கட்டணம் இல்லை. சோப்பு வணிகத்தில் செல்வம் ஈட்டிய லெவர்ஹியூம் பிரபு 1905 முதல் இதைக் கட்டினார். நடைமேடையை உயர்த்தக் கொட்டிய மண், அதே காலத்தில் ரயில் சுரங்கம் தோண்டியபோது வெளிவந்தது. காலையில் நீங்கள் லிஃப்டில் கடந்து வந்த ஆழத்திலிருந்து எடுத்த மண்ணின் மேல் இப்போது நடக்கிறீர்கள்.

ஹீத்துக்குள்

வைட்ஸ்டோன் குளத்திலிருந்து ஈஸ்ட் ஹீத் சாலையில் இறங்கி, இடப்பக்கம் பிரியும் வழியில் போனால், ஹீத்துக்குள் தீவு போல ஒதுங்கிய வேல் ஆஃப் ஹெல்த் என்னும் சிறு குடியிருப்பு வரும். ‘ஆரோக்கியப் பள்ளத்தாக்கு’ என்பது பெயர். 1777 இல் நீரை வடிக்கும்வரை இது சதுப்பு நிலமாக இருந்தது. இங்கே ‘வில்லாஸ் ஆன் தி ஹீத்’ வரிசையில் 3ஆம் எண் வீட்டில், 1912 இல் ரவீந்திரநாத் தாகூர் தங்கியிருந்ததைச் சொல்லும் நீலத் தகடு இருக்கிறது. அந்தக் கோடையில்தான் ஹாம்ப்ஸ்டெட்டிலேயே இருந்த ஓவியர் ரோதன்ஸ்டைனின் வீட்டில் கவிஞர் யேட்ஸ், தாகூர் தாமே ஆங்கிலத்தில் ஆக்கிய பாடல்களை எழுத்தாளர்கள் கூடியிருந்த சபையில் வாசித்தார். அடுத்த ஆண்டு நோபல் பரிசு வந்தது. அந்தக் கையெழுத்துப் பிரதி இருந்த பெட்டியைத் தாகூரின் மகன் பாதாள ரயிலில் தவறவிட்டு, பிறகு தொலைந்த பொருள்களை வைக்கும் அலுவலகத்தில் போய் மீட்டார். தகடுகளைத் துரத்த வேண்டாம் என்று சொன்ன நானே இந்த ஒன்றுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் போய் நிற்கிறேன்.

இனி ஹீத். ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புள்ள இந்த வெளி பூங்கா போல நேராக வெட்டி அமைத்தது அன்று. புல்லும் புதரும் காடும் குளமும் கலந்து கிடக்கும். இது மிஞ்சிய கதை நீளமானது. நிலவுடைமையாளரான சர் தாமஸ் மேரியன் வில்சன் 1829 முதல் இங்கே வீடுகள் கட்ட அனுமதி கேட்டு நாடாளுமன்றத்தை நாடிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பும் தொடர்ந்துகொண்டே இருந்தது. அவர் 1869 இல் இறந்த பிறகு, அவருடைய தம்பி விற்கச் சம்மதித்து, 1871 இல் சட்டத்தின் மூலம் இது பொதுவெளி ஆனது. வேல் ஆஃப் ஹெல்த்திலிருந்து கிழக்கே சில நிமிடம் நடந்தால், மரங்களுக்கு நடுவே திடீரென்று வளைவுகள் கொண்ட செங்கல் பாலம் ஒன்று குளத்தைக் கடந்து நிற்கும். கட்டப்போகும் மாளிகைகளுக்குக் கோச்சு வண்டிகள் போவதற்காக வில்சன் முன்கூட்டியே போட்ட பாலம் அது. மாளிகைகள் வரவே இல்லை. இன்று அதன் மேல் நாய்களும் அவற்றின் எஜமானர்களும் போகிறார்கள்.

மே முதல் ஜூலை வரை ஓக் மரங்களில் வரிசையாக ஊரும் கம்பளிப்பூச்சிகளைத் தொட வேண்டாம். அவற்றின் ரோமம் தோலில் அரிப்பை உண்டாக்கும். குளிப்பதற்கென்று ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, இருபாலருக்கும் ஒன்று எனக் குளங்கள் இருக்கின்றன; மற்றக் குளங்களில் இறங்கக் கூடாது.

பாலத்திலிருந்து வடக்கே நடந்தால் கென்வுட் மாளிகை. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபுவுக்காக கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் 1764 முதல் 1779 வரை இதை மாற்றிக் கட்டினார். இங்கிலாந்து மண்ணிலிருந்து ஓர் அடிமையை வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுசெல்ல முடியாது என்று 1772 இல் தீர்ப்பளித்த அதே நீதிபதியின் இந்த வீட்டில், அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த அவருடைய உறவுப்பெண் டைடோ எலிசபெத் பெல் வளர்ந்தார். ரெம்பிராண்ட்டின் முதுமைக் காலத் தன்னுருவ ஓவியமும் வெர்மீரின் ஓவியம் ஒன்றும் உள்ளே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளியே வந்து புல்வெளிச் சரிவின் அடியில் உள்ள நீர்நிலையின் ஒரு முனையில் தெரியும் வெள்ளைப் பாலத்தைக் கவனியுங்கள். பிறகு அருகே போய்ப் பாருங்கள். அது பாலமே அன்று. மாளிகையிலிருந்து பார்க்கும் கண்ணுக்காக நிறுத்திய பலகை முகப்பு. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பாலங்கள்: ஒன்று பாலம் இருந்தும் வீடு வராதது, மற்றொன்று வீடு இருந்தும் பாலம் பொய்.

தெற்கே திரும்பி, 98 மீட்டர் உயரமுள்ள பார்லிமென்ட் ஹில்லை அடையுங்கள். புனித பால் பேராலயத்தின் குவிமாடம் இங்கிருந்து மறைந்துவிடாதபடி நடுவில் எழும் கட்டடங்களுக்கு விதிகள் உண்டு. படம் எடுப்பவர்கள் மாலை வெயிலுக்குக் காத்திருப்பார்கள். காற்றாடி விடுபவர்களின் நூல் கழுத்தில் படாமல் கவனமாக இருங்கள்.

கீழ்ச்சரிவு

குன்றிலிருந்து தென்மேற்கே இறங்கினால் சவுத் எண்ட் பகுதி வரும். கால் வலித்தால் இங்கேயே முடித்துக்கொண்டு ஹாம்ப்ஸ்டெட் ஹீத் ஓவர்கிரவுண்ட் நிலையத்திலோ, நகர மையத்துக்குப் போகும் 24ஆம் எண் பேருந்திலோ ஏறிவிடலாம். தொடர்பவர்கள் கீட்ஸ் குரோவுக்குள் போக வேண்டும். கவிஞர் கீட்ஸ் 1818 டிசம்பரில் இங்கே நண்பர் வீட்டில் குடியேறி, 1820 இல் இத்தாலிக்குக் கிளம்பும் வரை பெரும்பாலும் இங்கேயே வாழ்ந்தார். இன்று ஒரே வீடு போலத் தெரிவது அன்று இரண்டு வீடுகள். மறுபாதியில் அவர் மணக்கவிருந்த ஃபேனி பிரான் இருந்தார். நடுச்சுவர் எங்கே இருந்திருக்கும் என்று உள்ளே கண்டுபிடிக்க முயன்று பாருங்கள். இருபத்தைந்து வயதில் காசநோய்க்கு இரையானவரின் காதலுக்கு அந்தச் சுவரின் கனம்தான் தூரம்.

அடுத்து வில்லோ ரோடு. 1 முதல் 3 வரை எண்ணிட்ட வரிசை, கான்கிரீட் தூண்களின் மேல் செங்கல் முகத்தோடு, அகன்ற ஜன்னல்களோடு நிற்கும். ஹங்கேரியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் எர்னோ கோல்ட்ஃபிங்கர் 1939 இல் தம் குடும்பத்துக்காக நடுவீட்டைக் கட்டியபோது, ஊரின் அழகு கெடும் என்று உள்ளூர்வாசிகள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று அதையே நேஷனல் டிரஸ்ட் பாதுகாக்கிறது. குறுக்கே நின்று தடுத்தவர்களை நாள் முழுவதும் பாராட்டிக்கொண்டு வந்த எனக்கு, இந்த வீட்டு வாசலில் சற்றுத் தயக்கம் வரும். அவர்கள் எல்லா நேரத்திலும் சரியாகத் தடுக்கவில்லை. இத்தகைய நவீனக் கட்டடங்கள் பிடித்தவர்கள், வேறொரு நாளில் பெல்சைஸ் பார்க் நிலையத்திலிருந்து நடந்து லான் ரோடு குடியிருப்பைப் பார்க்கலாம். 1934 இல் வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்த அந்த வெள்ளைக் கட்டடத்தில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸும் துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டியும் வாழ்ந்திருக்கிறார்கள். அதே நாளில் மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸில் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டின் கடைசி வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நோயாளிகள் படுத்துப் பேசிய அவருடைய சாய்மஞ்சம் அங்கேதான் இருக்கிறது.

வில்லோ ரோடு மேலேறி முடியுமிடத்தில் வெல் வாக் தொடங்குகிறது. இந்த ஊரைக் கிராமத்திலிருந்து நாகரிகமான ஊராக மாற்றிய இரும்புச்சத்து நீர் இங்கேதான் ஊறியது. 1698 இல் கெயின்ஸ்பரோ பிரபுவின் குடும்பம் ஊற்றோடு சேர்த்து ஆறு ஏக்கர் நிலத்தை ஏழைகளின் நலனுக்காகக் கொடுத்தது. பிறகு மருந்துநீர் குடிக்கவும், இசை கேட்கவும், சூதாடவும் லண்டன் திரண்டு வந்தது. தெருவின் மேல்பாதியில், மரத்தடியில், அந்தக் கொடையைக் குறிக்கும் விக்டோரியா காலத்துக் கல்தொட்டி நிற்கிறது. அதில் குடிக்கத் தண்ணீர் வராது; புட்டியில் கொண்டு வந்திருப்பதைக் குடியுங்கள். கான்ஸ்டபிள் தம் கடைசி ஆண்டுகளில் 40ஆம் எண் வீட்டில் இருந்தார்.

திரும்பி இறங்கினால், 1704 இல் கட்டிய பர் ஹவுஸ் வழியில் வரும். அந்த ஊற்று நீரை நோயாளிகளுக்குப் பரிந்துரைத்த மருத்துவர் வாழ்ந்த வீடு அது. இப்போது உள்ளூர் வரலாற்றுக் காட்சியகம். அதைத் தாண்டி ஏறும் பிளாஸ்க் வாக், ஊற்று நீரைப் புட்டிகளில் அடைத்து லண்டனுக்கு விற்பனைக்கு அனுப்பியதால் பெயர் பெற்ற தெரு. முதலில் அகலமாக, மரங்களோடு இருந்து, போகப் போக ஒடுங்கி, கடைசியில் இருவர் சேர்ந்து நடக்கும் அளவே உள்ள கடைச் சந்தாகி, ரயில் நிலையத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விடும். மாலையில் லிஃப்டுக்கு வரிசை நீளமாக இருக்கலாம். எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதிலேயே நில்லுங்கள்.